பதினொரு நிமிடம்

பொத்தானை அழுத்திவிட்டுப் போய்
அரிசி களைந்து குக்கரில் வைத்துவிட்டு வரலாம்.
வைத்துவிட்டு வந்தேன்.
காற்றாடி கிர்ரென்று எழுந்து, இருமி,
யோசித்து, மறுபடி எழுந்தது.
எதிர் பிளாக்கில் யாரோ
ஈரச் சட்டைகள் கோத்த மூங்கிலை வெளியே நீட்டினார்கள்.
சட்டைகள் சொட்டி முடித்த பிறகும்
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

நன்மாறன் கைப்பேசியில் அளந்தான்:
"பதினொரு நிமிடம், நாற்பது வினாடிம்மா.
இதுக்குள்ள நான் அங் மோ கியோவில ரயில் ஏறி
தோ பாயோவில இறங்கியிருப்பேன்."
அவன் பாலர் பள்ளிக்குப் போன வருடம்
பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கியது.
இப்போது அவனுக்கு மீசை.

சென்ற வாரம் திரையில் ஒரு செய்தி:
உங்கள் கணினி
அடுத்த பதிப்புக்குத் தகுதி பெறவில்லை.
மிகவும் மரியாதையான எழுத்து.
மார்ச்சில் அலுவலகத்திலிருந்து வந்த கடிதமும்
இதே மரியாதையோடுதான் இருந்தது.
ஐம்பத்தொரு வயதுக்கு இரண்டு நாள் பயிற்சி,
மதிய உணவு உண்டு,
பிறகு பார்க்கலாம்.

தணிகாசலத்துக்கு ஒரே கொள்கை.
ஓடினால் விடு, நின்றால் மாற்று.
குளிர்பெட்டிக்கும் அதுதான்,
அவருடைய முழங்காலுக்கும் அதுதான்.
துவாஸில் இரவு வேலை முடித்து வந்து
கணினியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி
"ஓடுதே" என்றார். தூங்கப் போனார்.

சிம் லிம் மூன்றாம் மாடியில்
கண்ணாடி போட்ட பையன்
பக்கத் தகட்டைக் கழற்றினான்.
சாம்பல் கம்பளம் மாதிரித் தூசு.
புகைமூட்ட வருடத்துத் தூசும் அதில் இருக்கும்.
பொம்மையின் மஞ்சள் கை ஒன்று.
காய்ந்துபோன பல்லிக்குஞ்சு,
வால் ஒரு கால்புள்ளி போல.

"மதர்போர்டு ரொம்பப் பழசு ஆன்ட்டி"
என்றான், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.
நான் சிரித்தேன்.
ஏனென்று அவனுக்குத் தெரியவில்லை.

ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
புதிய வட்டு தொண்ணூறு வெள்ளி,
நினைவகம் நாற்பது,
மாட்டித்தரக் கூலி முப்பது.
புதிதாகவே வாங்கினால் ஆயிரத்து இருநூறு.
நன்மாறன் கேட்கும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தால்,
வேண்டாம், அந்த வரியை அடித்துவிட்டேன்.

இந்த ஊரில் எதையும் மேம்படுத்துவார்கள்.
எங்கள் பிளாக்கின் மின்தூக்கி முன்பெல்லாம்
ஒன்று, ஐந்து, ஒன்பதில் மட்டும் நிற்கும்.
ஐந்தில் இறங்கி ஏழுக்கு ஏறுவேன்.
ஆறில் ஜமீலா கதவைத் திறந்து வைத்திருப்பார்.
ஒரு துண்டு குவே,
மருமகளைப் பற்றி ஒரு முனகல்.
இப்போது எல்லா மாடியிலும் நிற்கிறது.
ஜமீலா வீடு மாறிப்போனது
நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பதினொரு நிமிடத்தில்
யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.
அம்மா கணினி முன்னால் இருக்கிறாள், அவ்வளவுதான்.
நகம் வெட்டியிருக்கிறேன்.
மழை எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்த்திருக்கிறேன்.
மேலாளருக்கு நான் எழுதவிருந்த மூன்று மடல்கள்
வட்டம் சுற்றி முடிவதற்குள் ஆறிப்போயின.
இரண்டு ஆறியது நல்லதுதான்.

"என்ன ஆன்ட்டி, செய்யவா?"
நூற்று அறுபது வெள்ளியை எண்ணி வைத்தேன்.
பல்லியை ஊதிவிடப் போனான்,
வேண்டாமென்று ரசீதில் மடித்துக்கொண்டேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.

வீட்டில் பொத்தானை அழுத்திவிட்டு
அரிசி டப்பாவைத் திறந்தேன்.
அளந்து பாத்திரத்தில் கொட்டி
தண்ணீர் ஊற்றுவதற்குள்
கடவுச்சொல் கேட்டது.

ஈரக் கையோடு வந்து நின்றேன்.
கோடு மின்னியது, அணைந்தது, மின்னியது.
சத்தமே இல்லை.
கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து
மதிப்பிற்குரிய என்று தட்டினேன்.
மூன்றாவது மடல்.
அனுப்பிவிட்டுத்தான்
குக்கரை வைத்தேன்.